குரல் நடுங்காத பெண்

அன்று மழை பெய்ததா என்று மானேஜருக்கு இப்போது சரியாக நினைவில்லை. தையல் மிஷின்கள் நின்றுபோன அமைதி மட்டும் நினைவிருக்கிறது.

அவர் அறைக்குள் பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். முன்னால் நின்ற இளம்பெண்தான் பேசினாள்.

"பாத்ரூம் போகக்கூட டோக்கன் வாங்கச் சொல்றீங்க சார். அதை நிறுத்துற வரைக்கும் மிஷினைத் தொடமாட்டோம்."

"வேலையை விட்டுத் தூக்கிடுவேன்." முதலாளி சொல்லச் சொன்னதை மானேஜர் சொன்னார்.

"தூக்குங்க. நாளைக்கு யாரு தைப்பா? முதலாளியா?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவர் கண்ணையே பார்த்தபடி நின்றாள். அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை.

"டோக்கன் இனிமே கிடையாது, போங்க," என்றார் களைப்போடு.

எல்லோரும் போனபின் அவள் மட்டும் திரும்பி வந்தாள்.

"நல்லா பேசினேனா அண்ணே?"

"பாவி, நாடகக் குழுவில நான் சொல்லிக்குடுத்ததை எங்கிட்டயேவா காட்டுவ?"

"வேற யாருகிட்ட காட்டுறது?"

"முதல் வரியில அவசரப்பட்டுட்ட. சாயங்காலம் ஒத்திகைக்கு வா, பார்ப்போம்."

அந்த மாதமே மானேஜருக்கு வேலை போயிற்று. அவள் தொழிற்சங்கத் தலைவியானாள். டோக்கன் திரும்ப வரவில்லை. நாடகக் குழுவை அவர் இன்னும் நடத்துகிறார்.