பாதியில் திரும்பும் வழி

"ஒரு ரிஜிஸ்டரைத் திருப்பி வெக்காம விட்டுட்டீங்களே, குமரகுரு?"

ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சௌமியா திரையில் இருந்த அவனுடைய புரோகிராமையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் வெச்சிருக்கறனுங்களே. கடைசி வரியைப் பாருங்க." திருச்செங்கோட்டுக்காரன் என்பது பேச்சிலேயே தெரியும்.

"கடைசியில சரியா இருக்குதுங்க. நடுவுல பிழை வந்தா பாதியிலயே திரும்பற வழி ஒண்ணு இருக்குது பாருங்க. அங்கதான் விட்டுட்டீங்க."

இருவரும் ஒரே கம்பெனி. எழுதிய புரோகிராமைக் கணினியின் மொழிக்கு மாற்றித்தரும் கம்பைலரை உருவாக்கும் குழு. அவன் எழுதுவதை அவள் சரிபார்க்க வேண்டும். புராசஸருக்குள் எண்களை வைத்துக்கொள்ளும் சின்னச் சின்ன இடங்கள்தான் ரிஜிஸ்டர்கள். புரோகிராமின் ஒரு பகுதியான ஃபங்ஷன் அவற்றைத் தொடுமுன் பழைய எண்ணைப் பத்திரமாக எடுத்து வைத்து, திரும்பும்போது இருந்தபடியே வைத்துவிட்டுப் போக வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும், அதைக் கூப்பிட்ட ஃபங்ஷன் தப்பான எண்ணோடு ஓடிக்கொண்டிருக்கும்.

"டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆச்சுங்களே!"

"அந்த வழியாப் போற டெஸ்ட்டே நீங்க எழுதலீங்க."

அவன் சிரித்துவிட்டான். "ஆமாங்க, தப்புதான். மாத்திடறனுங்க."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. சேலம் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டின் அந்த அறையில் காலையிலிருந்து அவள் கேட்ட முதல் குரல் அது. வீட்டில் அவளிடம் யாரும் பேசுவதில்லை. சமைப்பாள், தனியாகச் சாப்பிடுவாள், கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்ப்பாள். கேமராவைப் போடுவதில்லை என்றாலும், சாயங்காலம் அவனுடைய வேலையைச் சரிபார்க்கும் அழைப்புக்கு மட்டும் முகம் கழுவித் தலை வாரிக்கொண்டு உட்காருவாள்.

"வேற ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"ஒண்ணு சொல்லோணுமுங்க." தாலிக்கொடியை விரலில் சுற்றினாள். "திங்கக்கிழமையில இருந்து உங்க புரோகிராமை ரமேஷ்குமார் பாப்பாருங்க. நான் வேற டீமுக்கு மாத்தச் சொல்லி மேனேஜர்கிட்ட கேட்டுட்டேன்."

"ஏனுங்க? நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டனுங்களா?"

"இல்லீங்க. நாளெல்லாம் இந்த ஒரு போனுக்காகவே காத்துக் கெடக்கறேன். கல்யாணமானவ இப்படி இருக்கக் கூடாதுங்க."

"எனக்கும் அப்படித்தானுங்க," என்றான் மெதுவாக. "இதுவும் நின்னு போச்சுன்னா..."

அவள் மேலே கேட்கவில்லை. அழைப்பைத் துண்டித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

எதிர் அறைக் கதவும் திறந்தது. ஹெட்போனைக்கூடக் கழற்றாமல் குமரகுரு நின்றிருந்தான்.

"சௌமியா..." என்றான் அவள் கணவன். பொங்கலன்று போட்ட சண்டைக்குப் பிறகு, அந்த வீட்டுக்குள் அவன் அவளிடம் நேரில் பேசிய முதல் வார்த்தை அது.