நூறு வரைக்கும் எண்ணுங்கள்

மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்த எழுபத்துநாலில், மலையாள மண்ணில், சாலைக் கடைத்தெரு ரேஷன் வரிசையில் நின்றாலே தாணுமாலையனுக்குத் தலை சுற்றும். விழுந்துவிடுவோமோ என்று உடம்பெல்லாம் வியர்க்கும். அதனால் மனைவி ஆவுடைத்தாய் நாலு டின்களோடு கூடவே வருவாள். அவளுக்குச் சிரமம் கொடுக்கிறோமே என்ற வெட்கத்தில்தான் அவர் டாக்டரிடம் போனார்.

"தலை சுத்தும், பட்சே விழமாட்டீங்க சாரே. வெறும் பயம். மெல்ல மூச்சு விட்டு நூறு வரைக்கும் எண்ணுங்க," என்றார் மலையாளி டாக்டர்.

சனிக்கிழமை வரிசையில் அவருக்கு முன்னால் நாற்பது பேர். பத்தாவது நிமிஷம் தரை ஆடியது.

"ஐயோ, இவுகளுக்கு மயக்கம் வருதே!" என்று ஆவுடைத்தாய் கத்தினாள்.

"சாருக்கு வய்யா, உடம்பு சரியில்லை! முன்னால விடு!" என்றார் வரிசையில் ஒருவர். வரிசை வழக்கம்போல விலகி வழிவிட்டது.

தாணுமாலையன் நகரவில்லை. கண்ணை மூடி எண்ணினார். நூறு வந்தது, மயக்கம் வரவில்லை.

"யாரும் விலக வேண்டாம்! எனக்கு ஒண்ணுமில்லை, கேட்டோ! வெறும் பயம்தான்!"

வரிசை மறுபடி மூடிக்கொண்டது. ஆவுடைத்தாயின் கண் கலங்கியது.

"அழாதே. இனிமே நீ கூட வரவே வேண்டாம்."

"நல்லாயிருக்கு! உங்களோட வந்தா உடனே கிடைக்குமேன்னு பக்கத்து வீட்டு மூணு டின்னையும்லா வாங்கிட்டு வந்திருக்கேன்!" என்று பல்லைக் கடித்தவள், சட்டென்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஐயோ, எனக்குத் தலை சுத்துதே!"

வரிசை பதறி விலகியது. தாணுமாலையன் இரண்டு கையையும் உயர்த்தித் தடுத்தார்.

"யாரும் நகராதீங்க! இவளுக்கும் அதேதான். நூறு எண்ணினாச் சரியாயிடும்."

நாற்பது பேரும் மலையாளத்தில் சேர்ந்து எண்ணத் தொடங்கினார்கள்.