முகூர்த்தத்துக்கு முன்

இன்னும் ஒரே ஒரு தடவை போதும் என்றுதான் சிவகாமியம்மாள் கேட்டாள்.

மகள் விஜயத்தின் மேலுதட்டில் அரும்பியிருந்த முடியை எக்ஸ்ரே காட்டி உதிரவைத்திருந்தார்கள். வேறொரு ஊரில், வேறொருவர். பல தடவை. வலியே கிடையாதாம்.

இப்போது அங்கங்கே திரும்ப முளைக்கிறது. அந்த ஆளோ ஊரைவிட்டே போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டார் நாகர்கோவிலில் பெரிய குடும்பம்.

தம்பானூரில் எக்ஸ்ரே யந்திரம் வைத்திருந்த டாக்டர் ராமசுப்ரமணியன் முடியாது என்றார். எலும்பு முறிந்தால் படம் எடுப்பேன், முடிக்காக ஒரு பெண்ணின் முகத்தைச் சுடமாட்டேன் என்றார்.

அம்மாள் விடவில்லை.

டாக்டர் வலது கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை மேசைமேல் வைத்தார். மூன்று விரல்கள் இல்லை. மிச்சமிருந்தவை கறுத்து வளைந்திருந்தன.

யந்திரம் வாங்கிய புதிதில், கதிர் சரியாக விழுகிறதா என்று தன் கையைத்தான் நீட்டிப் பார்ப்பாராம். அப்போது அவருக்கும் வலிக்கவில்லை.

“கைய யாரு பாக்கப் போறா டாக்டரே? பொண்ணுக்கு மொகத்தத்தான பாப்பாவ.”

சொல்லிவிட்டு, வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சிவகாமியம்மாள் வெளியே போய் வண்டியில் ஏறிவிட்டாள்.

விஜயம் எழுந்திருக்கவில்லை. அம்மாவோடு வந்து உட்கார்ந்திருந்தவள், அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது மொதல்ல எப்படி இருந்துது?”

சின்னப் பரு என்றுதான் நினைத்தேன் என்றார் அவர். பொருக்குக் கட்டும், உதிரும், ஆறாது. மறுபடியும் கட்டும். தானாக ஆறிவிடும் என்று விட்டுவிட்டேன். அதற்குள் புற்று பரவிவிட்டது.

அவள் கூஜாத் தண்ணீரில் முந்தானையை நனைத்து, உதட்டின்மேல் அப்பியிருந்த பவுடரைத் துடைத்தாள்.

டாக்டர் அவளை ஜன்னலருகே நிற்கவைத்துப் பார்த்தார். அதிக நேரம் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

உடனே வெட்டி எடுத்துவிட வேண்டும் என்றார். தழும்பு விழும். அது மறையாது.

“கல்யாணம் கழியது வரைக்கும் அம்மைக்குத் தெரியாண்டாம்.”

முகூர்த்தம் எப்போது என்று கேட்டார்.

ஆவணியில் என்றாள். வைகாசியே இன்னும் பிறக்கவில்லை.

வண்டியிலிருந்து அம்மா கூப்பிட்டாள். விஜயம் முந்தானையால் உதட்டைப் பொத்திக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள்.

டாக்டர் அவளை முந்திக்கொண்டு வாசலுக்குப் போய், சிவகாமியம்மாளை உள்ளே வரச் சொன்னார்.