நாலாவது பாடம்

"எடுக்காதீங்க!" என்றாள் மனைவி. "எடுத்தீங்கன்னா நாளைக்கு நீங்க கப்பல் ஏற மாட்டீங்க. எனக்குத் தெரியும்."

சாப்பாட்டு மேஜையில் கைப்பேசி அதிர்ந்து அதிர்ந்து விளிம்பை நோக்கி நகர்ந்தது. திரையில் 'மருந்துக்கடை அக்கா'. மெக்கானிக் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அழைப்பு நின்றது. உடனே மறுபடி ஆரம்பித்தது.

"அழுதுடுவாங்க போலிருக்கு."

"அழட்டும். நீங்க போனப்புறம் யார்கிட்ட அழுவாங்க?"

நியாயம்தான். விடிந்தால் சரக்குக் கப்பலில் வேலை. எஞ்சின் அறையில் எட்டு மாதம். நடுக்கடலில் சிக்னல் கிடையாது. பத்து வருடமாக அவன் தனியாளாகக் கட்டிக்காத்த இணையதளம் கரையில் அநாதையாகக் கிடக்கும்.

பழைய பூட்டுப் பைத்தியங்களின் தளம் அது. துருப்பிடித்த பூட்டைத் தேடிப்பிடித்து, சாவியில்லாமல் திறந்து, படம் எடுத்துப் போடுகிற நாலாயிரம் பேர். யாருக்கும் பைசா பிரயோஜனம் இல்லை. "யாராவது சர்வர் வேலையைக் கத்துக்குங்கப்பா" என்று கெஞ்சிப் பார்த்தான். பாடம் பாடமாக எழுதிப் போட்டான். நிர்வாகியின் கடவுச்சொல்லுக்கு அவர்கள் பாஷையில் சாவி என்று பெயர். ஆளுக்கொரு சாவி செய்து மருந்துக்கடை அக்காவுக்கும் பேக்கரிக்காரனுக்கும் கொடுத்தான். வாங்கி வைத்துக்கொண்டார்களே தவிர, ஒருநாள்கூட உள்ளே எட்டிப்பார்க்கவில்லை. தளம் தும்மினால் போதும், இவனைத்தான் கூப்பிடுவார்கள். இவனும் ஓடுவான்.

இன்று மதியம் தளம் படுத்துவிட்டது. வெறும் வெள்ளைத் திரை. எங்கே கோளாறு என்று அவனுக்குத் தெரியும். கைவைத்தால் இரண்டு நிமிட வேலை.

"பாத்துப் பாத்து இன்னிக்குன்னு விழுந்திருக்கு பாருங்க" என்றாள் மனைவி, அவன் பையில் சட்டைகளைத் திணித்தபடி. அவன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான்.

தளத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் குரல் செய்திகள் வந்து விழ ஆரம்பித்தன. போட்டுக் கேட்டான்.

"அண்ணே, உயிரோட இருக்கீங்களா?" பேக்கரிக்காரன். "இல்லேன்னா அதையாவது சொல்லுங்க."

"அவர் எடுக்கலைப்பா. நாமதான் பாக்கணும்." இது அக்கா.

"நாமன்னா யாரு? எனக்கு மாவு பிசையத்தான் தெரியும். நீங்க டாக்டர் கையெழுத்தையே படிக்கிற ஆளு. இதெல்லாம் உங்களுக்கு ஒரு விஷயமா?"

மெக்கானிக் எழுந்து தண்ணீர் பிடித்தான், குடிக்காமல் வைத்தான். ஜன்னல் வரை நடந்தான், திரும்பி வந்தான்.

"கூண்டுப்புலி மாதிரி சுத்தாதீங்க. எனக்குத் தலை சுத்துது."

பேக்கரிக்காரனின் குரல் மறுபடி வந்தது. "அக்கா, நான் உள்ள போயிட்டேன்! ஒரு மண்ணும் புரியலை. பேசாம எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுடட்டா?"

பத்து வருடப் படங்கள். இப்போது உயிரோடு இல்லாத சிலர் எழுதிவைத்த குறிப்புகள். அவன் எடுத்துவைத்த பிரதிகளும் அதே சர்வரில்தான். கைப்பேசிக்குப் பாய்ந்தான். மனைவி முந்திக்கொண்டாள்.

"குடு! அழிக்கப் போறான் அந்தத் தடியன்!"

"தர மாட்டேன்."

"மொத்தமும் போயிடும்!"

"கத்துக்க ஆள் இல்லேன்னா இன்னிக்குத் தப்பிச்சது அடுத்த மாசம் போகும். அப்ப நடுக்கடல்லேர்ந்து நீந்தி வருவீங்களா? உக்காருங்க."

உட்கார்ந்தான். அவள் கையில் இருந்தபடியே கைப்பேசி பேசியது. கடையில் வரிசை தாண்டி வருகிறவனை அதட்டுகிற அக்காவின் குரல்.

"டேய், கைய எடுடா! நாலாவது பாடம் படிச்சியா இல்லையா? எதையும் தொடறதுக்கு முன்னாடி வெளியில ஒரு பிரதி எடுக்கணும். நான் எடுத்துட்டிருக்கேன். நீ போய் மாவு பிசை."

"படிச்சிருக்காங்க" என்றான் மெக்கானிக், யாரோ அறைந்தது போல. "எழுதின எனக்கே அது தோணலை. அவங்க படிச்சிருக்காங்க."

தெருவிளக்கு எரிந்தது. மனைவி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அவன் மடிக்கணினியில் தளத்தைத் திறந்து திறந்து பார்த்தான். வெள்ளை. மறுபடி வெள்ளை. இனிமேல் அவ்வளவுதான், நாமே கைவைத்துவிடலாம் என்று அவன் முடிவுகட்டிய நேரத்தில், முகப்பில் அந்தத் துருப்பிடித்த பெரிய பூட்டுப் படம் மெதுவாக வந்து உட்கார்ந்தது.

"வந்துடுச்சு" என்றான்.

"இப்பத்தான் உங்க மூஞ்சியில ரத்தம் ஓடுது" என்று சிரித்துக்கொண்டே மனைவி கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

நன்றி சொல்லி நாலு வரி எழுதலாம் என்று உள்ளே நுழையப் பார்த்தான். 'அனுமதி இல்லை' என்றது தளம். நிதானமாக மறுபடி அடித்தான். அனுமதி இல்லை.

கைப்பேசி மினுங்கியது. அக்கா. குழுவில் அல்ல, அவனுக்கு மட்டும்.

"தம்பி, ஒண்ணும் கெடலை. ஒரு ஃபைலை யாரோ வேணும்னே இடம் மாத்தி வச்சிருந்தாங்க. அதுவும் உங்க சாவியைப் போட்டு உள்ள வந்து. நாலாவது பாடத்துக் கடைசி வரி நீங்க எழுதினதுதானே? 'உள்ளாள் வேலைன்னா முதல்ல பூட்டை மாத்து, யாருன்னு அப்புறம் கேளு.' மாத்திட்டோம். இப்பக் கேக்கறேன். யாரு தம்பி அது?"

"அடக் கடவுளே!" என்றாள் மனைவி. "கப்பலுக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாள் இப்படி வயித்துல புளியைக் கரைச்சிருக்கானே, எந்தப் படுபாவிங்க அது?"

மெக்கானிக் மடிக்கணினியை மூடினான்.

"நான்தான்."