கோணல் பட்டை

"பட்டை நேரா இருக்குடா!" என்று டுவேன் அலறியதில் என் காபி பாதி சட்டையில் கொட்டியது.

பழைய கார் போட்டிக்கு வந்து சுற்றி நின்ற கார்க்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பட்டை நேராக இருப்பதற்கு ஒரு மனுஷன் இப்படி அலறுவானா என்று வேறு ஊரில் கேட்பார்கள். டெட்ராயிட்டில் கேட்க மாட்டார்கள்.

டுவேனுடையது எழுபதாம் வருஷத்து ராட்லர் கார். ஆரஞ்சு நிறம், பக்கவாட்டில் கறுப்பு ஸ்டிக்கர் பட்டை, லாரிக்குப் போட வேண்டிய அளவுக்கு எஞ்சின். அந்தக் காலத்துப் பையன்கள் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்டு, பாதி வண்டிகளை மரத்தில் ஏற்றினார்கள். இன்ஷூரன்ஸ்காரன் பிரீமியத்தை ஏற்றினான், பெட்ரோல்காரன் விலையை ஏற்றினான், சில வருஷத்திலேயே ராட்லரின் கதை முடிந்தது. இந்த வரலாற்றை டுவேன் நின்று பார்க்கிற எல்லாருக்கும் சொல்வான். நிற்காமல் போகிறவர்களுக்குக் கொஞ்ச தூரம் கூடவே நடந்து சொல்வான்.

எங்கள் பழைய கார் சங்கத்துப் போட்டியில் நடுவர்களுக்கு அழகு வேண்டாம். வண்டி ஆலையை விட்டு வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும்.

அன்றைக்கு ஆலையில் எவன் ஒழுங்காக வேலை பார்த்தான்? வெள்ளிக்கிழமை மத்தியானம் செய்த வண்டி என்றால் பெயின்ட் வழிந்திருக்கும், ஸ்டிக்கர் கோணியிருக்கும். அந்த அசிங்கத்தையெல்லாம் அச்சு அசலாகத் திரும்பச் செய்து வைத்தால்தான் தங்கப் பதக்கம்.

டுவேன் ஆறு வருஷமாகச் செய்தான். பழைய பெயின்ட்டைச் சுரண்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு கோளாறையும் படம் எடுத்துக்கொண்டான். டிக்கி ஓரத்தில் அதே மாதிரி பெயின்ட் வழிய விடுவதற்கு ஒரு கோடை முழுக்கப் பழகினான். பட்டையின் வால் ஒரு விரல் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஒட்டுவான், அதிகக் கோணல் என்று கிழிப்பான், மறுபடி ஒட்டுவான். கடைசியில் சரியான கோணல் வந்த அன்றைக்கு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"சோபாவுல காபி சிந்தினா தொடைக்கத் தெரியாது, டிக்கியில பெயின்ட் சிந்த மட்டும் பாடம் படிக்கிறாரு," என்பாள் அவன் மனைவி லொரெய்ன்.

அவளுக்கு ஆத்திரம் இருக்காதா? வீட்டில் ஒரே ஒரு காரேஜ். அதில் ராட்லர். ஆறு குளிர்காலமும் அவள் கார் வெளியே பனியில் நின்றது. ஜனவரியில் இருட்டோடு எழுந்து, கண்ணாடியில் உறைந்த ஐஸைச் சுரண்டிவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போக வேண்டும். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பார்க்கிற எனக்கே பாவமாக இருக்கும்.

போன வருஷம் வெள்ளிதான் கிடைத்தது. அன்றைக்கே பைபிள் மேல் கையை வைக்கச் சொல்லி அவள் சத்தியம் வாங்கிவிட்டாள். இந்த வருஷமும் தங்கம் வராவிட்டால் ராட்லரை விற்றுவிட வேண்டும். காரேஜ் அவளுக்கு.

இப்போது பட்டை நேராக இருக்கிறது. நடுவர்கள் இரண்டு வண்டி தள்ளி, டார்ச் அடித்து யாருடைய வண்டிக்கு அடியிலோ தலையை விட்டிருந்தார்கள்.

"நேத்து சாயங்காலம்கூட கோணலாதான்டா இருந்துச்சு! சூடு காட்டாம அது உரியவே உரியாது. யாரோ பொறுமையா சூடு காட்டி, உரிச்சு, நேரா ஒட்டியிருக்காங்க!"

லொரெய்ன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து டோனட் தின்றுகொண்டிருந்தாள். ஈர முடி தொப்பிக்குள் தட்டையாக ஒட்டிக் கிடந்தது. தபால்பெட்டி வரை போவதற்கே முடியை உலர்த்திச் சீவிக்கொண்டு போகிறவள் அவள். காலையில் கேட்டதற்கு, ஹேர் டிரையர் எரிந்துபோய்விட்டது என்றாள்.

நான் அந்தத் தொப்பியைப் பார்த்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் சட்டையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

டுவேனும் மெதுவாக அந்தத் தொப்பியின் பக்கம் திரும்பினான்.

"நான்தான்ப்பா செஞ்சேன்," என்று பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்தார் காசிமிர் மாமா. லொரெய்னின் அப்பா, எண்பத்திரண்டு வயது. எவ்வளவு வெயில் அடித்தாலும், ராட்லரைச் செய்த ஆலையில் ஓய்வு பெற்றபோது கொடுத்த ஜாக்கெட்டைக் கழற்ற மாட்டார்.

அதற்குள் நடுவர்கள் வந்துவிட்டார்கள். தலைமை நடுவர் கிளிஃபர்ட் பழைய படத்தைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார், புருவத்தைத் தூக்கினார். ஆள் கூடிவிட்டால் மாமாவுக்குப் பேச்சு தானாக வரும்.

"அன்னிக்கு வெள்ளிக்கிழமைங்க. கொஞ்சம் தண்ணி போட்டிருந்தேன். இந்தக் கையாலதான் ஒட்டினேன், கோணலாப் போச்சு. அம்பது வருஷமா உறுத்திக்கிட்டே இருந்துச்சு. நேத்து அதே கையால சரி பண்ணிட்டேன். ஒரு தொழிலாளிக்கு அந்த உரிமைகூட இல்லையா?"

கிளிஃபர்ட் ஜாக்கெட்டில் தைத்திருந்த ஆலைச் சின்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பாவும் ஆலைக்காரர்தான். நடுவர்கள் ஓரமாகப் போய்க் கையை ஆட்டி ஆட்டி வாதாடினார்கள். திரும்பி வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"தொழிலாளி கைய விட்டுப் போனப்ப எப்படி இருந்துச்சோ, வண்டி அப்படியே இருக்கணும். அதான் விதி," என்றார். "இந்த ஐயாவோட கை நேத்துதான் வண்டிய விட்டிருக்கு."

தங்கம்!

கூட்டம் கைதட்டியது. டுவேன் தன் மாமனாரைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்தே தூக்கிவிட்டான். ராட்லர் இனி காரேஜை விட்டு நகராது. தங்கம் வாங்கிய வண்டியை எந்த மடையனாவது பனியில் நிறுத்துவானா?

லொரெய்ன் மீதி டோனட்டைக் கீழே வைத்தாள்.

"உங்கள யாருப்பா பேசச் சொன்னது?" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"உன்னைக் காப்பாத்தத்தானம்மா..."

மாமா அந்த ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தது உண்மைதான். கேன்டீனில் சூப் ஊற்றினார்.

அது டுவேனுக்கும் தெரியும்.