முப்பத்தேழாம் இருக்கை

நொறுங்கிய ரயில்பெட்டியை உருக்காலைக்கு அனுப்ப ஒரு கையெழுத்துதான் பாக்கி. விபத்தில் இறந்தவர்களின் குடும்பத்தில் ஒருவர் உள்ளே போய்ப் பார்த்து, பெட்டி காலி என்று எழுதித் தர வேண்டும். பெட்டி போனால் ரயில்வே மேல் குடும்பங்கள் போட்ட வழக்கின் சாட்சியமும் போய்விடும்.

கலோயனும் வக்கீல் ரதோஸ்தினாவும் பனியை மிதித்துக்கொண்டு டான்யூப் ஆற்றங்கரை ரயில் பணிமனைக்கு வந்தார்கள்.

"பதினாலு மாசமாச்சு தம்பி. உள்ள எலிகூட இல்ல," என்றார் ரயில்வே அதிகாரி கென்சேவ்.

"எலியே இல்லாத பெட்டிக்கு எதுக்கு சார் இவ்வளவு அவசரம்?" என்றார் வக்கீல்.

கலோயன் ஏறினான். கூரை கிழிந்திருந்ததால் எல்லா இருக்கைகளிலும் ஒரு சாண் பனி கிடந்தது. முப்பத்தேழில் மட்டும் இல்லை. அது அவன் மனைவி தெசிஸ்லாவா உட்கார்ந்து போன இடம். அதில் கையை வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. அவனுக்கு அழுகை வரவில்லை.

இறங்கி வந்து, படிவத்தில் 'காலியில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டான்.

கென்சேவ் படித்தார். "விளையாடுறீங்களா? யாரு இருக்கா உள்ள?"

"என் பொண்டாட்டி. நம்பலன்னா ஏறிப் பாருங்க."

கென்சேவ் முணுமுணுத்தபடி ஏறினார். வெளியே வர நேரமாயிற்று. இறங்கும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

சாட்சிக் கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று வக்கீலிடம் கேட்டார்.