மூத்த மருமகளின் தம்பி

குழம்புக்காக ஒரு மனிதன் பொய் சொல்லலாமா? ஒரு லிஃப்ட் மெக்கானிக் பொய் சொன்னான். அதுவும் கூச்சநாச்சம் இல்லாமல், தினமும்.

வேலைக்காகக் கடல் தாண்டி வந்தவன். அந்தக் கட்டடத்தில் தமிழ் பேசுகிற ஆட்கள் அவனும் அடுத்த ரூம் அக்காவும்தான். அக்காவுக்குச் சலவைக்கடையில் துணி தேய்க்கிற வேலை. எப்போதாவது ஒரு கிண்ணம் குழம்பு கொண்டுவந்து நீட்டுவாள். "தேங்க்ஸ்க்கா" என்று வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவான். அவ்வளவுதான் பழக்கம்.

ஒருநாள் சாயங்காலம் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டும் அக்கா வாசலை விட்டு நகரவில்லை.

"தம்பி, எனக்குக் கண்ணு வலி. டிவி, போன் எதையும் பார்க்கக் கூடாதுன்னுட்டார் டாக்டர். ஒரு உதவி பண்றியா?"

"சொல்லுங்கக்கா."

"ஒரு சீரியல் பார்த்துட்டிருந்தேன். அருமையான சீரியல், சினிமா தோத்துடும். நீ அதைப் போன்ல பார்த்துட்டு எனக்குக் கதை மட்டும் சொல்லிடு. குழம்பு என் பொறுப்பு."

கத்தரிக்காய்க் குழம்பின் வாசனை மூக்கைத் துளைத்தது. அவன் சமைத்ததை அவனாலேயே சாப்பிட முடிவதில்லை. தலையாட்டிவிட்டான்.

ஒரு வாரம் ஒழுங்காகப் பார்த்தான். மாமியார் ஒரு கதவைத் திறப்பதற்குள் அன்றைய கதை முடிந்துவிடும். மறுநாள் அதே கதவை முதலிலிருந்து திறப்பாள். அவனோ நாள் முழுக்கத் திறக்காத லிஃப்ட் கதவுகளோடு மல்லுக்கட்டுகிறவன். ரூமுக்கு வந்தும் கதவா?

அடுத்த வாரம் பார்க்காமலே அளக்க ஆரம்பித்தான்.

"இன்னிக்கு மாமியார் பீரோ சாவியை ஒளிச்சு வெச்சுட்டாங்கக்கா."

"ஐயையோ! எங்கே?"

"அரிசி டப்பாவுல."

"அடிப்பாவி! அப்புறம்?"

அந்த "அப்புறம்?" அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. வேலையில் காலையிலிருந்து அவன் வாயில் வருவது "மேலே", "கீழே", "நிறுத்து" மட்டும். அதுவும் அந்த ஊர்ப் பாஷையில். அப்புறம் என்ன ஆச்சு என்று அங்கே அவனை ஒருத்தரும் கேட்டதில்லை.

லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்க்கும்போதே அன்றைய கதை தயாராகிவிடும். மாமியாருக்குத் தன் சூப்பர்வைசரின் குணத்தைக் கொடுத்தான். ஆள் போதவில்லை என்று மூத்த மருமகளுக்கு ஒரு தம்பியைப் புதிதாக இறக்கினான். வெளிநாட்டில் வேலை பார்க்கிற தம்பி.

அதற்குள் கிண்ணம் போய்த் தட்டு வந்திருந்தது. அக்கா ரூமில் உட்கார்ந்துதான் சாப்பாடும் கதையும்.

"அவன் வேலை பார்க்கிற இடத்துல எல்லாரும் கும்பலா உட்கார்ந்து சாப்பிடுவாங்கக்கா. இவன் மட்டும் தனியா படிக்கட்டுல. அவங்க சிரிச்சா இவனும் சிரிப்பான். எதுக்குன்னு தெரியாது."

அன்று அக்கா "அப்புறம்?" என்று கேட்கவில்லை. இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

அதன்பிறகு மாமியார் வீட்டையே கொளுத்தினாலும் அக்கா கண்டுகொள்வதில்லை. அவன் தலையைக் கண்டதும் முதல் கேள்வி, "அந்தத் தம்பி இன்னிக்கு எப்படிப்பா இருக்கான்?"

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து தங்கை போன் செய்தாள். பேச்சுவாக்கில் அந்த சீரியலைப் பற்றிக் கேட்டான்.

"அதுவா? அது எப்பவோ முடிஞ்சுபோச்சேண்ணா! அந்த நேரத்துல இப்போ பாட்டுப் போட்டி ஓடுது."

அவனுக்கு வியர்த்துவிட்டது. முடிந்துபோன சீரியலில் நேற்றுகூட ஒரு கல்யாணத்தை நடத்தி வைத்திருக்கிறான்!

அக்காவுக்கும் யாராவது போனில் இதைச் சொல்லிவிட்டால்? கண் வலிக்காரியை ஏமாற்றித் தின்றவன் என்றுதானே நினைப்பாள்? குழம்பு போனால் போகட்டும். அந்த ஊரில் அவனிடம் உட்கார்ந்து பேச வேறு யார் இருக்கிறார்கள்?

அவளுக்குத் தெரிவதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது என்று கிளம்பினான்.

அக்கா ரூம் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அக்கா காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, கண் கொட்டாமல் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டுப் போட்டி.

"அக்கா... உங்க கண்ணு?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். அசட்டுச் சிரிப்போடு இயர்போனைக் கழற்றினாள்.

"வா தம்பி, உட்காரு."

உட்காரவில்லை. "நான் சொன்னதெல்லாம் பொய்க்கா. அந்த சீரியல்..."

"முடிஞ்சுபோச்சு. கடைசி நாள் நான் அழுதுக்கிட்டே பார்த்தேன்."

"அப்போ... அரிசி டப்பா, பீரோ சாவி?"

"நீ சாவியை ஒளிச்ச அன்னிக்கு, அந்த அம்மா இன்னும் கதவைத்தான் திறந்துக்கிட்டு இருந்தா."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவமானமாக இருந்தது.

"பொய்னு தெரிஞ்சும் எதுக்குக்கா தினம் கேட்டீங்க?"

அக்கா டிவியை அணைத்தாள்.

"நம்ம ரூம் சுவர் ரொம்ப மெல்லிசு தம்பி. ஒருநாள் உன் ரூம்ல யாரோ 'சாப்பிட்டியா?'ன்னு கேட்டது காதுல விழுந்துச்சு. பரவாயில்லே, பையனைத் தேடி யாரோ வந்திருக்காங்கன்னு சந்தோஷப்பட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு 'ம், சாப்பிட்டேன்'னு பதில் வந்துச்சு. ரெண்டும் உன் குரல்தான். மறுநாள்தான் எனக்குக் கண்ணு வலி வந்துச்சு."